பஸ்ராவிலிருந்து இருபத்தாறு மணி நேரம்

செத்துப்போன புருஷன் கடிதம் போட்டால் ஒரு பெண்பிள்ளை என்னதான் செய்வாள்? ஞானபாய் டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள், நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகினாள், இரண்டாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போனாள். ஏழெட்டு ஐம்பத்தாறை அன்றைக்கு அவள் மூன்று விதமாகச் சொன்னாள். பிள்ளைகளும் மூன்று விதமாகவே திருப்பிச் சொன்னார்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பத்து வருஷ வேலை. புருஷன் ரசலையன் நல்ல சமையல்காரன். வாய்க்கு ருசியாக ஆக்குவான், கைக்கு வந்ததால் அடிப்பான். குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று என்று ஒரு நாள் அவளுடைய இடது மணிக்கட்டை முறித்தான். அடுத்த வருஷமே துரைமாருக்குச் சமைக்கிறேன் என்று பஸ்ராவுக்குக் கப்பலேறிவிட்டான். நாலு வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. குளச்சல்காரர் ஒருவர் அங்கிருந்து திரும்பி வந்து, ரசலையன் காலராவில் போய்விட்டான், குழியில் வைத்ததை நானே பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். சபையில் நினைவு ஜெபம் நடந்தது. ஞானபாய் அழத்தான் செய்தாள். அழுது முடித்த மறுநாள், கல்யாணமான நாள்முதல் இல்லாத அதிசயமாக, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அந்த ஆள் குழியிலிருந்து எழுந்து கடிதம் எழுதியிருக்கிறான். கடிதம் இவ்வளவுதான்:

'நான் சாகவில்லை. இங்கே பிளேன் இறங்குகிற இடத்தில் பிரயாணிகள் பங்களாவுக்கு நான்தான் குசினிக்காரன். மகள் பூங்கனிக்குக் கல்யாணம் பேசுவதாக இங்கே வந்த ஒருத்தன் சொன்னான். அவளை என் கூட்டாளி செல்வதாஸுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு வயது நாற்பத்தொன்று, முதல் பெண்டாட்டி இறந்துபோனாள், பிள்ளை இல்லை. என் கறியைத் தின்ற துரை ஒருவர் தபால் பைகளோடு எனக்கும் பிளேனில் இடம் வாங்கித் தந்திருக்கிறார். வருகிற 4-ந் தேதி ஏறுகிறேன். மகளைத் தயாராக வை. நான் வருமுன் ஏதாவது நடந்தால் மற்றக் கையையும் பார்த்துக்கொள்.'

கடிதம் கைக்கு வந்தது 1936 ஜனவரி எட்டாம் தேதி. பூங்கனிக்குக் கல்யாணம் இருபத்துமூன்றாம் தேதி. மாப்பிள்ளை தேவகுமார் நெய்யூரில் கம்பவுண்டர். பேசும்போது தரையைப் பார்க்கிற பையன். பூங்கனி அவனைப் பற்றிப் பேசும்போது தானும் தரையைப் பார்த்தாள். கோயிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, இந்த மணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டு, யாரும் வாய் திறக்காவிட்டால்தான் தாலி. தகப்பன் உயிரோடிருக்கிறான், சம்மதிக்கவில்லை என்று தெரிந்தால் போதகர் அந்த நிமிஷமே புத்தகத்தை மூடிவிடுவார். தாலி ஏறிவிட்டால் கதை வேறு. அதை இறக்க யார் பறந்து வந்தாலும் முடியாது.

ஞானபாய் கணக்குப் போட்டாள். நாலாம் தேதி என்றால் பிப்ரவரி நாலு. கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அங்கேயே கிளம்புகிறான். கர்த்தர் இந்த ஒரு தடவை தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் ஓலை வாசித்தபோது மட்டும், போதகர் தடை கேட்ட இடத்தில் அவளுக்கு இருமல் வந்தது. முன் பெஞ்சிலிருந்து நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்து நாளாக நாளை நாளை என்று இழுத்தடித்த நாகர்கோவில் அச்சுக்கூடம் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலையில் கல்யாணக் கடிதங்களை அனுப்பிவைத்தது. பூங்கனி மை வாசம் போகாத ஒரு கடிதத்தை எடுத்துக் குரலை உயர்த்திப் படித்தாள்.

"கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினொன்று மகரம் ஒன்பதாம் தேதிக்குச் சரியான ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு ஜனவரி இருபத்துமூன்றாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு... அம்மா, ஏன் அப்படிப் பாக்கிய?"

ஞானபாய் அதை வாங்கித் தேதியை மறுபடியும் படித்தாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்துக்காரி. பத்து வருஷமாக ஜனவரி, பிப்ரவரி என்று எழுதியே பழகிப்போனவள். ரசலையன் என்றைக்காவது ஜனவரி என்று சொல்லியிருக்கிறானா? மகள் பிறந்த நாளைக்கூட வேதப்புத்தகத்தின் முதல் தாளில் 'கன்னி 11' என்றுதான் எழுதினான். சீட்டு எடுப்பது, வாழைக்கு உரம் வைப்பது, பெண்டாட்டியை அடித்ததைச் சொல்லிக் காட்டுவது, எல்லாமே அவனுக்கு மலையாள மாசத்தில்தான். துரைமாரோடு இருந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவானா? நாலாம் தேதி என்றால் மகரம் நாலு. விரல் விட்டு எண்ணினாள். மகரம் நாலு இன்றைக்குத்தான்.

படிப்பாளி என்று பேரெடுத்த புத்தி பத்து நாள் உறங்கியிருக்கிறது. அவளுக்குத் தன் மீதே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. கப்பலில் வந்தால் எத்தனை நாள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆகாயத்தில் வந்தால்?

அதைச் சொல்லக்கூடிய ஆள் ஊரிலேயே ஒருவர்தான். தலைமை ஆசிரியர் ஆபேல் சாருக்குப் பிளேன் பைத்தியம். போன அக்டோபரில் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு முதல் தபால் விமானம் வந்தபோது, சொந்த மச்சினன் கல்யாணத்துக்கே லீவு போடாத மனுஷன் லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனார். சனிக்கிழமையும் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பார்.

"சார், பிள்ளையளுக்கு ஒரு கணக்கு. பஸ்ராவுலேந்து ஒரு ஆளு பிளேன்ல பொறப்பட்டா திருவனந்தபுரம் வர எத்தன நேரம் ஆவும்?"

"டீச்சரே, இப்படி ஒரு கேள்வி கேக்க இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு ஆளு இருக்கேன்னு நெனச்சா!" ஆபேல் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆசியா படத்தைச் சுவரில் விரித்தார். "ஒரு நூலு தாருங்க. அந்தத் தலைய பஸ்ராவுல பிடியுங்க. விரல ஆட்டாதீங்க. கடலு அம்புட்டும் நகந்து போவுது பாருங்க."

கறுப்பு நூல் பஸ்ராவிலிருந்து புறப்பட்டுக் கடலோரமாகவே கராச்சிக்கு வந்தது. அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து மேற்கு மலையைத் தொட்டும் தொடாமலும் திருவனந்தபுரம். ஆபேல் சார் நூலை அளவுகோலில் நீட்டிப் பிடித்தார். பதின்மூன்று அங்குலம். அங்குலத்துக்கு இருநூறு மைல்.

"ரெண்டாயிரத்து அறுநூறு மைலு! மணிக்கு நூறு மைலுன்னு வையுங்க. இருபத்தாறு மணி நேரம். கப்பலும் ரயிலுமா வந்தா இருவது நாளு. அதே ஆளு, அதே தூரம், இருபத்தாறு மணி நேரம்!" அவர் கண்ணில் நீர் தளும்பியது. "மனுஷன் எங்க போய்க்கிட்டு இருக்கான் பாத்தியளா?"

"அப்பம் இன்னைக்குப் பொறப்பட்டா நாளைக்கு வந்திருவாரா?" ஞானபாயின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"யாரு?"

"கணக்குல உள்ள ஆளு."

"ஹா, அங்கதான் சூட்சுமம். ராத்திரி பறக்க மாட்டான். கராச்சிக்கு ரெண்டு நாளு. திங்களாழ்ச்ச பம்பாய். நம்ம பிளேனு செவ்வாய்க்கிழமதான் அங்கேந்து எடுப்பான், வழியில ஒரு ராத்திரி தங்குவான். புதன் மத்தியானம் திருவனந்தபுரம்!"

புதன்கிழமை இருபத்திரண்டு. திருவனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் தக்கலை. கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் வாசலில் வந்து நிற்பான். ஞானபாய் நூலை விரலில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

பிறகு அவள் நாட்களை எண்ணவில்லை, ஊர்களை எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தபோது அவன் கராச்சியில் இறங்கிக்கொண்டிருந்தான். போதகர் தடை கேட்டார். ஞானபாய் உதட்டைக் கடித்துக்கொண்டு, கோயில் கூரையைப் பார்த்தாள். சத்தியம் மறைத்த பாவத்துக்கு இப்போதே இடி விழும் என்று நினைத்தாள். விழவில்லை. திங்கட்கிழமை அவன் பம்பாயில் இருந்தான். கீரிப்பாறைப் பக்கமிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தபோது அவள் கையிலிருந்த சொளவு நழுவி, புடைத்த அரிசியெல்லாம் முற்றத்தில் கொட்டியது. விமானம் விழுந்துவிடக்கூடாதா என்று ஒரு தடவை நினைத்தாள். அப்படி நினைத்ததற்குப் பயந்து உடனே முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்காள் நேசம்மாளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கடிதத்தைக் காட்டினாள். நேசம்மாள் படித்தாள், முகம் வெளுத்துத் துவைகல்லில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் போய் அவர அங்கயே பிடிச்சு நிறுத்தப் போறேன்," என்றாள் ஞானபாய்.

"நீயா? அவரு நிழலக் கண்டா மூத்திரம் போற ஆளு நீ!"

"ஓ. பேடிதான். ஆனா இஞ்ச இருந்து பேடிச்சா கல்யாணம் நின்னுரும். அக்கா, வியாழக்கிழம காலையில நான் வரலன்னா எனக்காகக் காக்கப்பிடாது. கேட்டியா? பத்து மணிக்கு மணியடிச்சதும் பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போயிரணும்."

"பெத்த தாயி இல்லாமலா? பிள்ள கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"என்னத்தயாவது சொல்லு," என்றாள் ஞானபாய். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

புதன்கிழமை மத்தியானம் திருவனந்தபுரத்து மைதானத்தில் ஐம்பது அறுபது பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒருத்திதான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லி நிறுத்துவது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. காலில் விழலாம். சாலையில் வைத்து அடித்தால் நாலு பேர் கூடுவார்கள், அதில் ஒரு மணி நேரம் போகும். அதற்கு மேல் திட்டமில்லை.

விமானம் கடல் பக்கமிருந்து வந்தது. இத்தனை பயமுறுத்திய சாமான் இவ்வளவுதானா என்கிற அளவுக்குச் சின்னது. இறங்கி, குதித்து, ஓடி நின்றது. தபால் பைகளை இறக்கினார்கள். கடைசிப் பைக்குப் பின்னால் ரசலையனை இறக்கினார்கள்.

இரண்டு பேர் தாங்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கோட்டின் முன்பக்கமெல்லாம் வாந்தி. தரையில் கால் பட்டதும் அவன் அப்படியே குப்புற விழுந்து புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சிலர் சிரித்தார்கள். ஞானபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வருஷக் கல்யாணத்தில் அவன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. பயம் தனக்கு மட்டும் உள்ள வியாதி என்றுதான் நினைத்திருந்தாள்.

அவன் தலையைத் தூக்கினான். அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏட்டி... வந்தியா?" என்றான். எஞ்சின் சத்தத்தில் காது அடைத்துப்போயிருந்ததால் கத்தினான். "அடியில ஒண்ணும் இல்லட்டி. அஞ்சு நாளு. குனிஞ்சு பாத்தா ஒண்ணுமே இல்ல." அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் முறித்த அதே கைதான். விடவேயில்லை.

தக்கலை பஸ்ஸில் ஏற்றினார்கள். எஞ்சின் உறுமி, பெஞ்சுப் பலகை அதிர்ந்ததும் அலறிக்கொண்டு குதித்துவிட்டான். ஆடுகிற எதிலும் இனிமேல் ஏறமாட்டானாம், நடந்தே வருவானாம். முப்பத்துநாலு மைல்.

ஞானபாய் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள், வகுத்துப் பார்த்தாள். இப்போது மணி மூன்று. நாளைக்குப் பத்து மணிக்கு இந்தக் கால் எங்கே நிற்கும்? நிச்சயமாகத் தக்கலையில் நிற்காது. "சரி, பைய நடப்போம்," என்றாள்.

நெய்யாற்றின்கரைச் சத்திரத்தில் அன்றைக்குப் படுத்தார்கள். விடிந்ததும் நடந்தார்கள். ஒவ்வொரு மைலுக்கும் அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அவளுக்கு அதே அளவு உயிர் போயிற்று. காது திறந்ததும் கல்யாணப் பேச்சை எடுத்தான். "என்னைக்கு வச்சிருக்க?" என்று கேட்டான். "இந்த மாசக் கடேசில," என்றாள். "நடக்காது," என்றான். அவள் சரி என்றாள். அவன் செல்வதாஸின் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தான். பாறசாலையில் ஒரு கடையில் புட்டும் பயறும் தின்று, சாயா குடித்து, "இதெல்லாம் ஒரு புட்டா?" என்று கடைக்காரனைத் திட்டினான். ஆள் பழையபடி ஆகிக்கொண்டிருந்தான்.

மணி எட்டரை. பஸ் வந்து கடை முன்னால் நின்றது.

"ஏட்டி, இதுல ஏறிருவோம்," என்றான்.

ஒன்பதரைக்குத் தக்கலை. கோயில் மணி அடிக்கும் முன்னே அவன் வாசலில் நிற்பான். காலில் விழ அவள் குனியக்கூடச் செய்தாள். பிறகு ஏனோ நிமிர்ந்தாள்.

"ஏறுவோம். நானும் அதத்தான் நெனச்சேன்," என்றாள். "டிரைவர் பக்கத்துல உக்காருங்க. குழித்துறைப் பாலம் வரும்போ மட்டும் கண்ண மூடிக்கிடுங்க."

"ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"ஏன்டி, சொல்லு."

"ஒண்ணுமில்லங்க. பாலம் ரொம்ப உயரம்லா. பஸ்ஸுலேந்து பாத்தா கைப்பிடிச் செவரு தெரியாது, ஆறுதான் தெரியும். அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். போன மாசம் ஒரு சக்கரம்... வேண்டாம், ஏறுங்க. கொஞ்ச நேரந்தான்."

பாதி சொல்லி நிறுத்த வேண்டும், மீதியை அடிபடுகிறவனே நிரப்பிக்கொள்வான். 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டுத்தான் ரசலையன் எப்போதும் கையை ஓங்குவான். இந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். படித்தவளுக்கு அது எந்நாளும் மறக்காது.

ரசலையன் படியில் ஒரு காலை வைத்தான். பலகை அவன் காலடியில் அதிர்ந்தது. நெற்றியில் வியர்த்தது. காலைக் கீழே எடுத்துவிட்டான். டிரைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

களியக்காவிளையில் ஒரு கடைக் கடிகாரம் பத்தடிக்க ஐந்து நிமிஷம் காட்டியது. இப்போது பூங்கனி கோயில் வாசலில் நின்று அம்மாவைத் தேடுவாள். தேடாதே மக்கா, உள்ளே போ, உள்ளே போ என்று ஞானபாய் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே நடந்தாள். பத்து மணிக்கு ஆரம்பித்தால் உடனே தாலி ஏறிவிடாது. பாட்டு, ஜெபம், வேதபாடம், அப்புறம் பிரசங்கம். அந்தப் போதகரோ வாய் திறந்தால் ஆதாமிலிருந்து தொடங்குகிறவர். இன்றைக்காவது நோவாவிலிருந்து தொடங்கக்கூடாதா ஆண்டவரே என்று கெஞ்சினாள். பிள்ளையின் கழுத்தில் மாலை எப்படி இருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். முகம் வரவில்லை. பெற்று வளர்த்த பதினாறு வருஷமும் காத்திருந்தது இந்த ஒரு காலைக்குத்தான். அதுவும் போயிற்று.

ரசலையன் குழித்துறைப் பாலத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆற்றைப் பார்க்காமல் கடந்தான். மார்த்தாண்டம் சந்தையருகே ஒரு துணிக்கடையில் மணி பதினொன்று அடித்தது. அவள் எண்ணினாள், பதினொன்றையும் எண்ணி முடித்துவிட்டு ரோட்டோரத்து மைல் கல்லின்மேல் உட்கார்ந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எழும்புட்டி. என்ன அழுக?"

"பூங்கனிக்குத் தாலி ஏறியாச்சு," என்றாள். "இன்னைக்குத்தான் கல்யாணம். பத்து மணிக்கு."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முகம் கறுத்தது. ஞானபாய்க்கு அந்த முகம் தெரியும். கனவில்கூட மாறாத முகம். அவன் கை மேலே போயிற்று. அவளுக்குப் பயமாக இருந்தது. ஓடித் தப்பிக்கிற தைரியம்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். ஓங்கிய கை அடிக்கவில்லை. அவள் தோளில் விழுந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது ரசலையன் பஸ்ஸைப் பார்த்து நடுங்கிக்கொண்டு அவளோடு ஒட்டி நின்றான்.

ஞானபாய் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எழுந்து, கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். ஏறினாள்.

"ஏட்டி! ஞானம்! எறங்குட்டி!"

அவன் படிவரைக்கும் ஓடிவந்தான். படியைத் தொடவில்லை. வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது அவன் நடுரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தான். பிறகு குனிந்த தலையோடு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தான்.

தக்கலைக்கு இன்னும் ஒன்பது மைல். பஸ்ஸுக்கு அரை மணி. அந்தக் காலுக்கு மூன்று மணி நேரம், கோபத்தோடு நடந்தால் இரண்டரை. பூங்கனியை மாலையோடு ஒரு தடவை கண் நிறையப் பார்த்து, பந்தியில் உட்கார்த்திச் சோறு போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டியேற்றி அனுப்ப அது போதும். அவன் வந்து சேரும்போது வீட்டில் அவள் மட்டும்தான் இருப்பாள்.